ஏழு சுற்று முன்னால்

ஆவியைச் செய்வது பெரிய வேலையில்லை.
எண்ணுவதுதான் வேலை.

பெர்லினின் ஓரம், வைசன்சே,
கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகை.
தரையோடு திருகி இறுக்கிய கேமரா.
கைப்பிடியை டீட்கே சுற்ற
பக்கத்தில் நின்று நான் வாய்விட்டு எண்ணுவேன்.
சுற்றுக்கு எட்டுப் படம், நொடிக்கு இரண்டு சுற்று.
சம்பளச் சீட்டில் என் பெயர் லாஷ்கே,
என் வேலையின் பெயர் 'இதர'.

முதலில் விதவையின் அறை.
நாற்பதில் யாட்விகா கதவைத் திறந்து நுழைவாள்,
ஐம்பத்தைந்தில் செத்தவனின் நாற்காலியைத் துடைப்பாள்,
தொண்ணூறில் திரும்பி, அதைப் பார்த்து அலறுவாள்.
ஊமைப்படம்தான். ஆனாலும் நிஜமாகவே அலறுவாள்,
கூரைமேல் புறாக்கள் கலையும்.

பிறகு லென்ஸை மூடி
அதே சுருளைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும்
நூற்றிருபதிலிருந்து பூஜ்யம் வரை.
சுவருக்கும் நாற்காலிக்கும் கருப்பு வெல்வெட் போர்த்தி
லோதர் ப்ரெபிட்ஸை நடக்கவிட வேண்டும்.
கருப்பு சுருளில் எதையும் எழுதாது.
வெளுத்த முகமும் வெளுத்த கையும் மட்டும்
ஏற்கெனவே பதிந்த அறையின் மேல்
கண்ணாடியில் ஊதிய மூச்சுபோலப் படியும்.
(முகத்துக்குக் கோதுமை மாவு கேட்டார் ப்ரெபிட்ஸ்.
சிரித்தார்கள். சுண்ணாம்புதான் கிடைத்தது.)

அது இருபத்துமூன்றாம் வருடத்து அக்டோபர்.
காலையில் ரொட்டியின் விலையில் ஒன்பது பூஜ்யம்,
மதியம் எத்தனையோ.
கூலி கைக்கு வந்ததும் ஓட வேண்டும்,
தெருமுனை திரும்புவதற்குள் பாதியாகிவிடும்.
ஊர் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தது,
யாருக்கும் கணக்கு வரவில்லை.

நான் பின்னோக்கி வந்துகொண்டிருந்தேன்.
முப்பத்தொன்று. முப்பது.
வாசலில் சம்பள மணி அடித்தது.
மனசு ரொட்டிக் கடை வரிசைவரை போய்
இடம் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தது.
டீட்கேயின் கை நிற்கவில்லை.
இருபத்தொன்பது என்றேன்.
அது இருபத்திரண்டு.

கழுவிய சுருளை மூன்றாம் நாள் போட்டுப் பார்த்தோம்.

அவள் திறந்த கதவு வழியாக
அவள் பின்னால் வர வேண்டியவர்
மூடிய கதவின் பலகைக்குள்ளிருந்து வந்தார்.
அவளுக்கு முன்பே போய் உட்கார்ந்தார்.
அவள் வந்து நாற்காலியைத் துடைத்தாள்,
துணி அவர் முழங்காலுக்குள் போய் வெளியே வந்தது.
அவளைப் பார்க்க வேண்டிய நேரத்தில்
அவள் முதுகைப் பார்த்தார்.
எழுந்தார், போனார்.
அப்புறம்தான் அவள் திரும்பினாள்.
யாருமில்லாத நாற்காலியைப் பார்த்து
வாய் கிழிய அலறினாள்.

இருட்டில் யாரும் பேசவில்லை.
டாக்டர் ஹென்ஷல் பற்றவைக்காத சிகரெட்டைக் கடித்தபடி
"யார் எண்ணியது?" என்றார்.
எழுந்து நின்றேன். கால் என்னுடையதாக இல்லை.
"இதேபோல இன்னொரு தரம் தப்பாக எண்ண முடியுமா?"

முடியவில்லை.
சரியாக மட்டுமே வந்தது.

ப்ரெபிட்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு
அந்த ஏழு சுற்றுக்குத் தனிக்கூலி உண்டா என்றார்.
விளையாட்டுக்குக் கேட்டதாக நினைத்தேன்.
கோட்டின் பொத்தான்கள் இடம் மாறித் தைக்கப்பட்டிருந்தன,
மெலிந்த உடம்புக்கு ஏற்றபடி.
வெல்வெட் இல்லாமலே அவருக்குள் வெளிச்சம் போயிருக்கும்.

குளிர்காலத்தில் படம் வந்தது.
துணிச்சல் என்று ஒரு பத்திரிகை எழுதிற்று,
மரணத்தின் தத்துவம் என்று இன்னொன்று.
ஹென்ஷல் இரண்டையும் மறுக்கவில்லை.
நானும் டிக்கெட் வாங்கிப் போனேன்.
மூடிய கதவிலிருந்து அவர் வரும்போது
முன்வரிசையில் ஒரு ராணுவக் கோட்டுக்காரர்
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது.
அடுத்த காட்சிக்காக ஒருத்தி துணியோடு வந்து
வரிசை வரிசையாக நாற்காலிகளைத் துடைத்தாள்,
யார் முகத்தையும் பார்க்காமல்.
என் நாற்காலிக்கு அவள் வருவதற்குள்
எழுந்துவிட்டேன்.